எண்ணெய்ச் சட்டிக்கு அடியில் முப்பத்தொன்பது பல்

"...அப்ப, வேஸ்ட்டுன்னு சொல்லி என் கையில குடுத்தானே, அது உன் வண்டியோட பாதி காலா?" என்று கேட்டார் அத்தை.

அத்தை என்றால் என் மாமியார். கையில் ஜல்லிக்கரண்டி. கடற்கரைச் சாலை ஓரத்தில் சவுக்குக் கம்பு நட்டு, மேலே தார்ப்பாய் கட்டிய அவருடைய வறுத்த மீன் கடை. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய எண்ணெய்ச் சட்டி, சுற்றிலும் பல் வைத்த ஒரு அலுமினிய வட்டத்தின் மேல் சொகுசாக உட்கார்ந்திருந்தது. அத்தை அந்த வட்டத்தைப் பார்த்தார். என் கையில் இருந்த சைக்கிள் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு தன் சின்ன மகனை, அதாவது என் வீட்டுக்காரரை, ஒரு பார்வை பார்த்தார். அந்தச் சூட்டில் அடுப்பே இல்லாமல் இன்னும் ரெண்டு மீன் வறுத்திருக்கலாம்.

இந்தக் கேள்வி புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பின்னால் போவது எனக்கும் என் சைக்கிளுக்கும் ஏற்கெனவே பழக்கமான விஷயம்தான்.

எங்களுக்கு வீடு அனுமந்தையில். எனக்கு வேலை மரக்காணத்தில், உப்பு லாரிகளை எடை போடும் மேடையில். லாரி ஏறும், இறங்கும், நான் சீட்டு கிழித்துக் கொடுப்பேன். பெரிய உத்தியோகம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தால் அத்தனை பெரிய லாரியும் நான் கையாட்டும் வரை நகராது. வீட்டில் எனக்கு அந்த மரியாதை கொடுப்பது குக்கர் மட்டும்தான். அதுவும் விசில் அடித்துவிட்டுத்தான் கேட்கும்.

என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். குயிலாப்பாளையம் பக்கம் விடுதிகளில் ஃபேன், மோட்டார், ஏசி எல்லாம் பார்ப்பார். எங்களிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர். அவர் அதை எடுத்துக்கொண்டு தெற்கே போவார். நான் வடக்கே போக வேண்டும். பாண்டியிலிருந்து வருகிற பஸ் எங்கள் ஸ்டாப் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு போய்விடும். ஷேர் ஆட்டோ நிறைந்தால்தான் கிளம்பும். நிறைந்ததா இல்லையா என்று முடிவு செய்வது டிரைவர். "இன்னும் ஒரு ஆளு அக்கா, அவ்ளோதான்" என்பார். அந்த ஒரு ஆள் எந்த ஊரிலிருந்து கிளம்பி வருகிறார் என்று மட்டும் சொல்ல மாட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் சாயந்திரம் வீட்டுக்காரர் ஸ்கூட்டருக்குக் குறுக்கே ஒரு ரேஸ் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்தார். விடுதியில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருத்தர் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போகிறாராம். அவர் அறையில் இவர் பார்க்காத ஸ்விட்ச் கிடையாதாம். அந்த அன்பில் கொடுத்துவிட்டுப் போனாராம்.

"ஆறரை அடி இருப்பான் அந்த மனுஷன். தொடை ஒவ்வொண்ணும் பனமரம். இத மிதிச்சே திண்டிவனம் போயிட்டு டிபனுக்குத் திரும்பிடுவான்" என்றார்.

என்னை எங்கள் பக்கத்தில் நெட்டை என்றுதான் சொல்வார்கள். சீட்டை முழுக்க இறக்கினால் எனக்குக் கால் எட்டியது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளுக்குப் பிறகு நான் சைக்கிளே தொட்டதில்லை. இருந்தாலும் ஏறி உட்கார்ந்ததும் ஊர்க் கோடி வரை போய்விட்டுத் திரும்பினேன். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், வேலைக்கு இதில்தான் போகப்போகிறேன் என்று.

அந்த வாரமே வீட்டுக்காரர் முதுகில் மூன்று பை வைத்த ரேஸ் பனியன் ஒன்று வாங்கிவிட்டார். மிதிப்பது நான், பனியன் அவருக்கு. கேட்டால், "சப்போர்ட்" என்றார்.

அத்தைக்கும் இந்த சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது. அத்தை சாயந்திரம் அடுப்புப் பற்ற வைத்தால்தான் கார்க்காரர்கள் நிறுத்துவார்கள். என் மகளுக்கோ கண்ணில் படுவதையெல்லாம் தொட்டுப் பார்க்கிற வயசு. ஒரு நாள் எண்ணெய்ச் சட்டியில் மீன் நீந்துகிறது என்று நினைத்துக் கையை நீட்டிவிட்டாள். அத்தை பாய்ந்து பிடித்ததில் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, அத்தையின் முழங்கைதான் வெந்துவிட்டது. அதிலிருந்து, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அவர் அடுப்பைப் பற்ற வைப்பதில்லை. நான் வீட்டுக்கு வர வேண்டும், குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் கடை.

"எனக்குக் கண்ணு ரெண்டு இருக்குது. ஆனா ரெண்டும் ஒரே பக்கம்தான் பாக்குது. என்ன பண்றது?" என்றார்.

மழை மாதத்தில் பிரச்சினை இல்லை. உப்பளம் மூடியிருக்கும், குவியலுக்கு ஓலை போட்டு மூடி வைத்திருப்பார்கள், லாரி வந்தால் வந்தது. நான் சீக்கிரம் கிளம்பிவிடுவேன். சீசன் ஆரம்பித்தால்தான் லாரி வரிசை கட்டும், என் நாற்காலியும் என்னை விடாது. வேலை முடிவதற்கும் அத்தையின் அடுப்புக்கும் நடுவில் முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும். அத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"சீசன் தொடங்கி காத்து திரும்பினதும் ஒரு மாசம் பாப்பேன். அடுப்பு நேரத்துக்கு வந்துட்டா வேலைக்குப் போ. வரலன்னா ஆபீஸ்ல சொல்லிட்டு நின்னுடு. எனக்கு உன் மேல கோவமெல்லாம் கெடையாது. மீனு மேலதான் கோவம், அது காத்திருக்க மாட்டேங்குது."

காத்து திரும்பினதும் என்று அவர் சொன்னதை அன்றைக்கு யாருமே காதில் வாங்கவில்லை. நான் உட்பட.

சரி, கியருக்கு வருகிறேன். எனக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எடை மேடையில் லாரி வராத நேரத்தில் போன் பார்த்துத் தெரிந்துகொண்டது. முன்னால் பெடலோடு சுற்றுகிற வட்டத்தில் எத்தனை பல், பின்னால் சக்கரத்தில் சங்கிலி மாட்டியிருக்கிற வட்டத்தில் எத்தனை பல். முன்னதைப் பின்னதால் வகுத்தால், ஒரு மிதிக்குப் பின் சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்று வந்துவிடும். சுற்று கூடினால் வேகம் வரும், மிதி கனக்கும்; குறைந்தால் மிதி லேசு. அவ்வளவுதான் சூத்திரம். வெள்ளைக்காரர் விட்டுப்போன வண்டியில் முன்னால் ரெண்டு வட்டம். பெரியதில் ஐம்பத்து மூன்று பல், சின்னதில் முப்பத்தொன்பது. பின்னால் ஒரு அடுக்கு, பதினொன்றில் ஆரம்பித்து இருபத்து மூன்றில் முடியும். பெரியதையும் பதினொன்றையும் சேர்த்தால் ஒரு மிதிக்குக் கிட்டத்தட்ட ஐந்து சுற்று. பனைமரத் தொடைக்கு அது சரி. சாதத்தையும் ரசத்தையும் நம்பி வளர்ந்த தொடைக்கு, சும்மா இருக்கும்போது கேட்டால்கூட வலிக்கும்.

மழை மாதத்தில் எங்கள் பக்கம் வேலை குறைவு, ஆலோசனை அதிகம். உப்பளத்தில் உப்பு இல்லை, கடல் குமுறுவதால் போட்டெல்லாம் மேட்டில். எல்லா ஆம்பளையும் ஊரில். அதனால் எங்கள் ஊரில் எந்தப் பொருள் வாங்கினாலும் மழையில்தான் வாங்குவோம், மழையில்தான் சோதிப்போம். என் சைக்கிளையும் அப்படித்தான் சோதித்தார்கள்.

சோதனைக் குழுவின் தலைவர் என் வீட்டுக்காரரின் அண்ணன். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். மீன்பிடி போட்டு இஞ்சின் மெக்கானிக். நடுக்கடலில் நின்றுபோன இஞ்சினை போனில் இருமல் சத்தம் கேட்டே சரி பண்ணியவர். அது பொய் இல்லை, நானே பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் சைக்கிளையும் அவர் காதால்தான் பார்த்தார்.

"சத்தமே வரலியேம்மா. சத்தம் வரலன்னா இழுக்கலன்னு அர்த்தம்" என்றார்.

அத்தையின் கெடு சாயந்திரத்துக்குத்தானே, அதனால் சோதனையும் சாயந்திரத்தில்தான் என்று குழு முடிவு செய்தது. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். வீட்டுக்காரர் பனியன் போட்டுக்கொண்டு மரக்காணத்துக்கு பஸ்ஸில் வந்தார். என் சைக்கிளை வாங்கிக்கொண்டு அனுமந்தைக்கு மிதித்தார். நான் பின்னால் ஷேர் ஆட்டோவில் போனேன். வாடைக் காற்று நல்ல வேகம். வடக்கிலிருந்து அடித்து, சாலையில் கிடந்த பிளாஸ்டிக் பையெல்லாம் தெற்கே பாண்டிச்சேரிக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தது. அதோடு சேர்ந்து என் வீட்டுக்காரரும் போனார். பனியன் முதுகுப் பக்கம் படகுப் பாய் மாதிரி உப்பியிருந்தது.

ஆட்டோ வந்து சேர்வதற்குள் அவர் டீக்கடையில் டீயை முடித்துவிட்டு, தீர்ப்பைச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

"சின்ன வட்டத்துக்கு வேலையே இல்ல. அதுல போட்டா கால் சும்மா சுத்துது, வண்டி போக மாட்டேங்குது. பெருசுல போட்டாத்தான் கொஞ்சமாச்சும் புடிப்பு இருக்குது."

"வேல செய்யாதவன எதுக்கு வண்டியில ஏத்தி வச்சிருக்கீங்க?" என்றார் மாமா.

"அது சங்கிலிய வேற அடிக்கடி கழட்டி விடுது."

"கழட்டிட்டா வெயிட்டும் கொறையும்."

"ஃபாரின்காரனுக்கே இப்பல்லாம் முன்னாடி ஒரே வட்டம்தாம்பா" என்றார் டீக்கடைக்காரர். அவர் கடைசியாக சைக்கிள் ஓட்டியது அவருக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு. ஆனால் சனி, ஞாயிறில் பளபளவென்று உடை போட்டு வருகிற சைக்கிள்காரர்களுக்கு டீ ஊற்றுகிறார். அந்த வகையில் அவரும் அந்தத் துறைதான்.

நான் மெதுவாகச் சொன்னேன், "காலையில போவும்போது அந்தச் சின்னதுதாங்க எனக்கு ஒதவுது."

"காலையில ஃப்ரெஷ்ஷா இருப்ப, சமாளிச்சுக்குவ. சாயந்திரம்தான முக்கியம்?" என்றார் வீட்டுக்காரர்.

அடுத்த ரெண்டு நாள் நானே சாயந்திரம் பெரிய வட்டத்தில் ஓட்டிப் பார்த்தேன். பறந்தது. உப்பளத்து வேலியெல்லாம் பக்கத்தில் ஓடிப் போனது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. முதுகில் கை வைத்துத் தள்ளுகிற காற்றை யாரும் காற்று என்று சொல்வதில்லை. என் கால் என்றுதான் சொல்லிக்கொள்வோம். நானும் தலையாட்டிவிட்டேன்.

மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தச் சின்ன வட்டத்தைக் கழற்றினார். ஹேண்டிலில் அதை மாற்றுவதற்கென்று இருந்த இடது பக்க லிவர் மட்டும் அப்படியே நின்றது. வேலை போன பிறகும் தினம் ஆபீஸுக்கு வந்து உட்கார்கிற அதிகாரி மாதிரி. கழற்றிய வட்டத்தைத் தூக்கி எறியப் போனவர் கையை அத்தை பிடித்தார்.

"என்னடா இது?"

"வேஸ்ட்டும்மா."

"குடு இங்க."

அத்தையின் எண்ணெய்ச் சட்டிக்கு அடி உருண்டை. அடுப்பிலிருந்து இறக்கினால் ஆடும். பழைய வலையைச் சுருட்டிச் செய்த பிரிமணை மேல்தான் வைப்பார், அது சூட்டில் பொசுங்கி ஒரு நாற்றம் அடிக்கும். இந்த வட்டத்தின் மேல் சட்டியை வைத்தார். அது ஆடவில்லை. தட்டிப் பார்த்தார், அசையவில்லை. அத்தையின் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் அதற்கு முன் பார்த்தது என் மகள் பிறந்த அன்றைக்குத்தான், அதுவும் கொஞ்ச நேரம்.

அது கடையில் பேர் வாங்கிவிட்டது. சென்னையிலிருந்து வந்த பொண்ணு ஒன்று, "செம டிசைன் ஆன்ட்டி, எங்க வாங்கினீங்க?" என்று போட்டோ எடுத்தது. "ஃபாரின் பிரிமணைம்மா, எல்லாருக்கும் கெடைக்காது" என்றார் அத்தை. பேசிக்கொண்டே வறுத்த மீனை பேப்பரில் மடித்து, வழக்கம்போல உள்ளே ஒரு துண்டு எலுமிச்சம்பழம் வைத்துக் கொடுத்தார்.

சீசன் வந்தது. பாத்தியில் தண்ணீர் கட்டினார்கள், வெயில் ஏறியது, வெள்ளை வெள்ளையாக ஓரத்தில் குவியல் எழுந்தது. ஒரு நாள் மத்தியானம் எடை மேடையில் என் சீட்டுக் கட்டு தானாகப் புரண்டது. தெற்கேயிருந்து காற்று.

உப்பு வாரும் அக்கா ஒருத்தி வந்து நிழலில் நின்று, முந்தானையை விரித்துக் காற்று வாங்கினாள். "வந்துடுச்சுடி நம்ம ஆளு. இப்படி அடிச்சாத்தான் உப்பு பூக்கும்" என்றாள். அவ்வளவு சந்தோஷம். உப்பளத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன். சாயந்திரம் நான் போக வேண்டியது தெற்கே என்பது எனக்குச் சாலையில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

அன்றைக்கு நான் மிதிக்கவில்லை. பெடல் மேல் ஏறி நின்று கெஞ்சினேன். முன்னால் ஐம்பத்து மூன்று, பின்னால் இருக்கிறதிலேயே லேசான இருபத்து மூன்று. ஒரு மிதிக்கு ரெண்டு சுற்றுக்கு மேல் கேட்டது சக்கரம். காற்று ஒரு சுற்றுகூடக் கொடுக்க முடியாது என்றது. நடுவில் நான். கடல் பக்கமிருந்து மணல் வேறு முகத்தில் அடித்தது. கேரியரில் தென்னை மட்டைக் கட்டு வைத்து, சாதா சைக்கிளில் வந்த பெரியவர் ஒருத்தர் என்னைத் தாண்டிப் போனார். போனவர் திரும்பிப் பார்த்தார்.

"ரிப்பேரா பாப்பா?"

"இல்லீங்க, ரேஸ் சைக்கிள்" என்றேன்.

"அதான" என்று சொல்லிவிட்டுப் போனார். எதைச் சொன்னார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பாதி வழி தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அத்தை வாசலில் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மசாலா தடவிய மீன் தட்டில் அப்படியே இருந்தது. பக்கத்துக் கடையில் நாலு கார். அத்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சும்மா கடலப் பாத்துக்கினு இருந்தேன். இத்தன வருஷமா பக்கத்துலயே இருக்குது, உக்காந்து பாக்கவே நேரமில்ல. நல்லாத்தான் இருக்குது கடலு" என்றார்.

மறுநாளும் கடல் பார்த்தார். அதற்கு மறுநாளும்.

குழுவைக் கூட்டினேன். ஆனால் இப்போது போட்டெல்லாம் கடலுக்குப் போகிறது, யாருக்கும் நேரமில்லை. ஆலோசனை எல்லாம் போனில்தான். "கால் பழகணும், தெனம் ரெண்டு வாழைப்பழம் சாப்பிடு" என்றார் வீட்டுக்காரர். "சங்கிலிக்கு நான் குடுத்த கிரீஸப் போட்டியா?" என்றார் மாமா. போட்டேன். படகு இஞ்சினுக்குப் போடுகிற கிரீஸ். அதில் மணல் ஒட்டி, சங்கிலி வடை மாவு அரைக்கிற மாதிரி சத்தம் போட்டது. சத்தம் கேட்ட மாமா, "இப்பதாம்மா இழுக்குது" என்றார். "குனிஞ்சு ஓட்டு தங்கச்சி" என்றார் டீக்கடைக்காரர். குனிந்தேன். காற்றும் குனிந்தது. காற்று என்ற வார்த்தையை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. சொன்னால் மழையில் பண்ணிய சோதனையைப் பற்றிப் பேச வேண்டி வரும்.

அப்படியே அந்த மாதம் போனது. சில நாள் காற்று தூங்கிவிடும், நேரத்துக்கு வந்துவிடுவேன். பல நாள் வரவில்லை. கெடு முடிந்தது ஒரு சனிக்கிழமை. "திங்கக்கெழம ஆபீஸ்ல சொல்லிடும்மா" என்றார் அத்தை, நிதானமாக. கோபம் இல்லாமல் சொன்னதால் எனக்குச் சண்டை போடவும் வழியில்லை. அவர் முழங்கையில் வெந்த தழும்பு என் கண்ணுக்கு எதிரில் இருந்தது.

அன்று ராத்திரி எனக்கு வந்தது அழுகை இல்லை, கணக்கு. முன்னால் அந்த முப்பத்தொன்பதை மறுபடி போட்டு, பின்னால் அடுக்கில் பெரியதாக இருபத்தெட்டு வரை வைத்தால், ஒரு மிதிக்கு ஒன்றரைச் சுற்றுக்கும் கொஞ்சம் குறைவு. கால் படபடவென்று சுற்ற வேண்டும், ஊர் சிரிக்கும். ஆனால் காற்று எவ்வளவு அடித்தாலும் நிற்காமல் நகரலாம். முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம், இழுத்துப் பிடித்து.

ஞாயிற்றுக்கிழமை பின் சக்கரத்தை மட்டும் கழற்றிக்கொண்டு பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினேன். "மிச்ச வண்டி பின்னாடி வருதா?" என்றார் கண்டக்டர். கடையில் இருந்தவர் சக்கரத்தை வாங்கிப் பார்த்தார், என் போனில் இருந்த வண்டிப் படத்தைப் பார்த்தார்.

"இந்த மாடலுக்கு இருபத்தெட்டு பல் வரைக்கும் தாங்கும் மேடம். எந்த மலைக்குப் போறீங்க?"

"அனுமந்தைக்கு."

"அங்க ஏது மேடம் மலை?"

"சாயந்திரம் ஆனா வருங்க."

அவர் அடுக்கை மாற்றினார். முன்னால் போடுகிற முப்பத்தொன்பது வட்டம் இருக்கிறதா என்று கேட்டேன். அந்தத் துளை அளவுக்கு இப்போது வருவதில்லை, சொல்லி வைத்தால் எங்கிருந்தாவது வரும், எப்போது என்று கேட்கக் கூடாது என்றார்.

"வண்டியோட வந்தது ஒண்ணு இருந்திருக்குமே மேடம், அது எங்க?"

"மீன் வறுக்குதுங்க."

அவர் சக்கரத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். "உங்கம்மா கிட்ட அந்த வட்டத்தைக் கேட்டு வாங்கி வைங்க."

"நீயே கேளேன். உன் வண்டிதான?"

மாமாவுக்குப் போட்டேன். "நான் கேட்டா, ஏன்டா கழட்டுனன்னு கேக்கும்மா. நீ கேட்டா அந்தக் கேள்வி வராது" என்றார். நடுக்கடலில் இஞ்சின் நின்றால் பயப்படாதவர்.

நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் சாய்ந்து, கடையில் வியாபாரம் சூடு பிடித்திருந்தது. ஞாயிறு என்பதால் குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் கடைக்குப் பின்னால் நின்றிருந்தார், பனியனோடு. பின் சக்கரம் இல்லாத என் சைக்கிள் சவுக்குக் கம்பில் சாய்ந்து கிடந்தது. ஒரு கார்க்காரர் வஞ்சிரத்துக்குக் காத்திருந்தார்.

"என்னடி, சக்கரத்தோட வர்ற? மிச்சத்த வித்துட்டியா?" என்றார் அத்தை. பிறகு குரலை இறக்கி, "நாளைக்குச் சொல்லிடறியா?"

"அத்தை, ஒண்ணு கேக்கணும்."

"கேளு. மீனு கருவுது, சீக்கிரம் கேளு."

"சட்டிக்கு அடியில இருக்கறது என் சைக்கிளோடது."

"தெரியுமே. வேஸ்ட்டு."

"வேஸ்ட்டு இல்லத்தை. காத்து எதுக்க வந்தா அதுலதான் மிதிக்கணும். அது இல்லாமதான் இந்த ஒரு மாசமா நான் தள்ளிக்கினு வந்தேன். அதத் திருப்பிப் போட்டா வந்துடுவேன். பின்னாடியும் மாத்திட்டேன், பாருங்க."

அத்தை மீனைத் திருப்பிப் போட்டார். "யாரு கழட்டுனது?"

"மாமா."

"யாரு கழட்டச் சொன்னது?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் குழந்தைக்குக் கடலைக் காட்டிக்கொண்டிருந்தார், அங்கே இல்லாத ஒரு கப்பலை.

"மழையில ஓட்டிப் பாத்தாரு. வாடை பின்னாடி தள்ளுச்சு. நானும் சரின்னுட்டேன்" என்றேன்.

அத்தை அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வட்டத்தின் மேல் வைத்தார். வழக்கம்போல அது ஆடாமல் உட்கார்ந்தது. "ஒரு மாசம் கடலப் பாக்க வச்சானுங்க" என்று தனக்குள் சொன்னார். "ஓட்டறவ நீ, கடைய மூடறவ நானு..." என்று ஆரம்பித்துத்தான், நான் முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். ஊதுகிற காற்றில் தார்ப்பாய் படபடத்தது.

"அக்கா, ரெண்டு வஞ்சிரம்" என்றார் கார்க்காரர்.

"இருப்பா" என்றார் அத்தை.

ஜல்லிக்கரண்டியைக் கீழே வைத்தார். காலால் மணலைத் தள்ளிக் குழி பண்ணி, துணி போட்டுச் சட்டியைத் தூக்கி அந்தக் குழியில் இறக்கினார். இடுக்கியால் வட்டத்தை எடுத்தார். பல் இடுக்கில் ஒட்டியிருந்த மசாலாவைக் கத்தியால் ஒவ்வொரு பல்லாகச் சுரண்டினார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "குழந்தைய அவ கிட்ட குடுத்துட்டு, அந்தப் பனியனக் கழட்டு" என்றார். அவர் குழந்தையை என் இடுப்பில் வைத்துவிட்டு, பனியனைக் கழற்றிக் கொடுத்தார். அத்தை அதை வைத்து வட்டத்தின் எண்ணெயை முன்னும் பின்னும் அழுத்தித் துடைத்தார், வெள்ளியாக மின்னும் வரை. பேப்பரை விரித்து, வட்டத்தை நடுவில் வைத்து, பழக்க தோஷத்தில் ஒரு துண்டு எலுமிச்சம்பழத்தையும் சேர்த்து மடித்து, என் கையில் கொடுத்தார்.